நாலு மூலைக்கும் கம்பி நட்டவர்

தெருவில் அவரை இடிதாங்கி என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். உயரமான கட்டடங்களின் உச்சியில் கம்பி நட்டு, செம்புப் பட்டையைச் சுவரோடு இறக்கி மண்ணில் புதைப்பது அவர் தொழில். ஆனால் மின்னல் எங்கே விழும் என்று வாதாடியதில்தான் அவருடைய பாதி ஆயுள் போனது.

கட்டடம் கட்டுகிறவர்களுக்கெல்லாம் ஒரே எண்ணம். மொட்டை மாடிக்கு நடுவில் கொடிக்கம்பம் மாதிரி ஒன்றை நட்டால் தீர்ந்தது. இவர் ஒத்துக்கொள்ள மாட்டார். கூம்பாகக் கட்டினால் மின்னல் முனையைத் தேடும். தட்டையாகக் கட்டினால் மூலையையும் விளிம்பையும் தேடும். ரொம்ப உயரமாகப் போனால் சில நேரம் உச்சியை விட்டுவிட்டு விலாவிலேயே குத்தும். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு கம்பி போதுமான இடத்தில் நாலு கம்பி விற்கப் பார்க்கிறான் என்றார்கள்.

பேச்சு எடுபடவில்லை என்றதும் கண்ணால் பார்த்து நிரூபிக்கக் கிளம்பினார். வானம் கறுத்தால் போதும், மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. கேமராவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, ஏதாவது ஒரு கட்டடத்துக்கு எதிர்வீட்டுப் படிக்கட்டு ஜன்னலில் போய் நின்றுவிடுவார்.

அவர் மனைவிக்கோ இடி என்றால் உயிரே போய்விடும். வீட்டிலேயே துணி தைக்கிறவள். இடி கேட்டதும் தையல் மெஷினை விட்டு எழுந்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சமையலறைச் சுவரோரம் குந்திவிடுவாள்.

“இன்னிக்கு மட்டும் போகாம இருங்களேன்” என்பாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே பாடம் நடத்துவார். நம் வீடு குட்டை, இரண்டு பக்கமும் ஏழு மாடி, மின்னல் அதுகளைத் தாண்டி இங்கே வருவதாவது! கணக்கு சரிதான். அவள் கணக்கா கேட்டாள்? ஆளைக் கேட்டாள். அது அந்த மரமண்டைக்கு அப்போது ஏறவில்லை.

ஒரு மாலை அவர் சொன்னது பலித்தது. நடுவில் ஒற்றைக் கம்பியோடு நிமிர்ந்து நின்ற கட்டடத்தின் மூலையில் மின்னல் இறங்கி, கைப்பிடிச் சுவர் பெயர்ந்து விழுந்தது. ஆளுக்குச் சேதமில்லை. உடைந்த சிமெண்டுக் கட்டி ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்தபடி வீட்டுக்கு ஓடி வந்தார். மூலைதான் என்று நான் சொன்னேனே என்று குதித்தார். அவள் முகம் வெளுத்துக் கிடந்தது. சிமெண்டுக் கட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தலையைத் துவட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

பிறகென்ன, அவர் காட்டில் மழை. நாலு மூலைக்கும் கம்பி கேட்டு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அதை நம்பியவர் போல, ஊரான் கூரையையெல்லாம் காத்துவிட்டு, தன் கூரைக்குக் கீழே இருந்தவளைக் கோட்டை விட்டார்.

முழங்கால் மக்கர் செய்து, இனி ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், மழை நாளில் தன் வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க வாய்த்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

முதல் மழை வந்தது. ஜன்னல்களை அடைத்தார். அவள் தைத்துக்கொண்டிருந்த மெஷின் பக்கத்தில் நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார். பாத்திரங்கள் அதிர ஒரு இடி இடித்தது. சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கைய எடுங்க, தையல் கோணிடும்” என்றாள்.

காதில் பஞ்சு இல்லை. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. உனக்கு இடி என்றால் பயமாயிற்றே என்று கேட்டார். அதெல்லாம் எப்போதோ போய்விட்டது என்றாள். எப்படிப் போனது என்று விடாமல் கேட்டார். தான் நடத்திய பாடம்தான் காரணம் என்று சொல்வாள் என ஒரு நப்பாசை.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். குரலில் கோபம் இல்லை.

“இடிச்சா நீங்க ஓடி வந்துடுவீங்கன்னு வாசலையே பாத்துட்டு இருப்பேன். ஒரு நாள் பாக்கறத விட்டுட்டேன். பயமும் அதோட போயிடுச்சு.”

திட்டியிருந்தால் பொறுத்திருப்பார். அவள் அடுத்த துணியை எடுத்து மெஷினில் வைத்தாள். அவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார், அவள் கைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று.