ஃபுஃபு சாப்பிடப் போன புரட்டாசி சனிக்கிழமை

இந்த வலைப்பதிவில் நான் எழுதியதிலேயே மிகச் சின்னப் பயணம் இதுதான். பிக் பெண்ட் போனபோது ஐந்நூற்றைம்பது மைல் ஓட்டினேன், சாண்டா ஃபே அதற்கும் மேல். இது ரிச்சர்ட்சனில் இருக்கும் என் வீட்டு வாசலிலிருந்து 6.4 மைல். வழியில் ரெஸ்ட் ஏரியா கிடையாது, ஹோட்டல் புக்கிங் கிடையாது, கார் சூடாவதற்குள் ஊர் வந்துவிடும். ஆனாலும் கிளம்ப எனக்கு நாலு வருடம் ஆனது. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னை அங்கே அழைத்தவர் யாவ். கானா நாட்டுக் குமாசிக்காரர், நான் வேலை செய்யும் டெலிகாம் கம்பெனியில் என் பக்கத்து இருக்கை. நான் ராத்திரி பகலாக உடைத்த ப்ரோகிராமை நாலு வருடம் முகம் சுளிக்காமல் சரிசெய்து கொடுத்த மனிதர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நாங்கள் பேசுவது ஆங்கிலம்தான் என்றாலும், இங்கே எழுதும்போது அவர் என்னை 'நீ' என்பார், நான் அவரை 'நீங்க' என்பேன். எங்களுக்குள் இருக்கும் மரியாதைக்கு அதுதான் சரியாக வருகிறது.

தன் வீட்டுக்குப் பக்கத்தில், தன் ஊர்க்காரப் பெண்மணி ஒருவர் நடத்தும் சின்ன உணவகம் இருக்கிறது, வா போகலாம் என்று முதல் மாதமே கூப்பிட்டார். அன்று செவ்வாய். ராசிபுரம் பக்கம் இருந்து வந்தவன் நான், செவ்வாய் வெள்ளி கறி தொட மாட்டேன் என்றேன். அடுத்த முறை அமாவாசை. அதற்கடுத்த முறை கிருத்திகை. பிறகு புரட்டாசி, மாதம் முழுக்க. அது முடிந்து ஐப்பசியில் மூச்சு விட்டார், பாவம், அடுத்து அவர் கூப்பிடுவதற்குள் கார்த்திகை பிறந்து நான் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இவன் கடவுள் தினமும் அட்டெண்டன்ஸ் எடுக்கிறவர் போல என்று விட்டுத் தள்ளியிருப்பேன்.

இவை எல்லாம் உண்மையான காரணங்கள். ஒன்று மட்டும் பொய்.

அது மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. ஆபீஸ் பேன்ட்ரியில் யாவ் டப்பாவைத் திறந்தார், கருவாட்டு வாசனை. உள்ளே வழவழவென்று பச்சையாய் ஏதோ குழம்பு. டீமில் இரண்டு பேர் கூட இருந்தார்கள். "இது அந்தக் கடைதான். இன்னிக்கு நீ ஃப்ரீதானே, மத்தியானம் போலாமா?" என்றார். வியாழனுக்கு என்னிடம் ஒரு சாமியும் கையிருப்பில் இல்லை. ஆனால் அத்தனை பேர் பார்க்க அந்தக் குழம்பை வாயில் வைத்து முகம் கோணிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, "இன்னிக்கும் விரதம்" என்றேன். "வியாழனுமா?" என்றார். "எல்லா வியாழனும்" என்றேன். அந்த 'எல்லா'வை ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஞாயிறு ஆனால் ஜன்னலை எல்லாம் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டுக் கருவாட்டுக் குழம்பு வைக்கும் வீட்டுக்காரன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு யாவும் அந்த இரண்டு பேரும் ஒவ்வொரு வியாழனும் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கடைக்குக் கிளம்பிப் போக ஆரம்பித்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நான் சொன்ன பொய்யை நானே மறந்துவிட்டேன், கூப்பிடாததை மட்டும் மறக்கவில்லை. "மூணு பேரும் ஒண்ணாப் போறாங்க, ஒரு வார்த்தை கேக்கறதில்ல" என்று வீட்டில் எத்தனையோ வியாழன் புலம்பியிருக்கிறேன்.

போன மாதம் யாவுக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்தது. ஞாயிறு காலை வாடகை லாரியில் கிளம்புகிறார், அதற்கு முன்னால் சேர்ந்து சாப்பிட ஒரே நாள்தான் பாக்கி, சனிக்கிழமை மத்தியானம். காலண்டரைப் பார்த்தேன். புரட்டாசி, மூன்றாம் சனி.

நாலு வருடம் நழுவியவன் கடைசி நாளும் நழுவினால், இவனுக்கு என்னோடு உட்கார்ந்து சாப்பிடவே பிடிக்கவில்லை என்றுதானே அவர் நினைத்துக்கொண்டு போவார்? அது எனக்குத் தாங்கவில்லை. போகிறேன், அங்கே என்ன போட்டாலும் சாப்பிடுகிறேன் என்று முடிவு பண்ணி மனைவி கவிதாவிடம் சொன்னேன்.

அவள் தளிகைக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தாள். "போயிட்டு வாங்க. பெருமாள் கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கறேன். ஆனா ஏனுங்க, சாப்பிடறதுன்னா சந்தோசமாச் சாப்பிடுங்க. மொகத்தத் தூக்கி வெச்சுட்டுச் சாப்பிட்டு அவரையும் ஃபீல் பண்ண வெச்சுராதீங்க" என்றாள். முகத்தைப் பற்றித்தான் எனக்கும் கவலை என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

மதியம் 12.10க்குக் கிளம்பினேன். பெல்ட் லைன் ரோட்டில் கிழக்கே நேராக. ஃப்ரீவே ஏற வேண்டியதில்லை, சிக்னல்தான் பதினொன்று. 12.27க்குப் போய்விட்டேன். லாண்ட்ரிக்கும் வரி தாக்கல் செய்து கொடுக்கும் கடைக்கும் நடுவில் இருப்பதால் பலகையைத் தேடாதீர்கள், வாசலில் அடுக்கி வைத்திருக்கும் சேனைக் கிழங்கு போன்ற பெரிய கிழங்கு மூட்டையைத் தேடுங்கள். உள்ளே எட்டே மேசை. ஒரு பக்கம் டீவியில் கால்பந்து, இன்னொரு பக்கம் சர்ச்சுக்குப் போகிற மாதிரி உடுத்திய ஒரு குடும்பம். கதவைத் திறந்ததும் இஞ்சி, மிளகாய், புகையில் வாட்டிய மீன் மூன்றும் சேர்ந்து வந்தது. மூன்றும் எனக்குத் தெரிந்த வாசனைதான்.

யாவ் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். கடை நடத்தும் பெண்மணியின் பெயர் அபெனா. நம்மைப் போலவே அவர்களும் பெரியவர்களை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதனால் எனக்கும் ஆன்ட்டி. அவர் முதலில் கேட்டது, "நீ என்ன கிழமை பிறந்த?" நட்சத்திரம் கேட்டால் தூக்கத்தில் கூடச் சொல்வேன், கிழமை யாருக்குத் தெரியும்? போனில் தேடிப் பார்த்தேன், ஞாயிறு. "அப்போ நீ குவாசி" என்று அந்த நிமிடமே பெயர் வைத்துவிட்டார். அவர்கள் பக்கம் பிறந்த கிழமைதான் பெயராம். செவ்வாயில் பிறந்த பெண் அபெனா. வியாழனில் பிறந்த ஆண் யாவ். நாலு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

உட்கார்ந்ததும், கவிதா சொன்னபடி முகத்தைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டு, "இன்னிக்கு ஆட்டுக்கறியே சொல்லுங்க, நான் சாப்பிடறேன்" என்றேன்.

யாவ் என்னை விநோதமாகப் பார்த்தார். "இன்னிக்கா? இது உன்னோட செப்டம்பர், அக்டோபர் மாசமாச்சே. புதன்கிழமையே ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டேன். தனிப் பானை. மீன் தூள் கிடையாது, கறிச்சாறு க்யூப் கிடையாது. எனக்கும் அதேதான்."

ஒரு வாரமாக நான் பெருமாளோடு நடத்திய பேச்சுவார்த்தை எல்லாம் வீண்.

ஒரு கிண்ணத்தில் கை கழுவத் தண்ணீர் மேசைக்கே வந்தது. பிறகு ஃபுஃபு வந்தது. மரவள்ளியும் வாழைக்காயும் சேர்த்து இடித்த உருண்டை, சுற்றிலும் செம்மண் நிறத்தில் நிலக்கடலைச் சாறு, அதில் கத்திரிக்காயும் காளானும். மரவள்ளியை எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம், அதை ஜவ்வரிசி ஆக்கி ஊர் ஊராக அனுப்பியே பிழைக்கிற பூமி எங்களுடையது. வலது கையால் கிள்ளி, கட்டை விரலால் குழி பண்ணி, சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று யாவ் செய்து காட்ட ஆரம்பித்தார். நான் அதற்குள் மூன்று வாய் விழுங்கியிருந்தேன். ராகிக் களி சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? ஆன்ட்டி நின்று பார்த்துவிட்டு, "இவனுக்கு யார் பழக்கினாங்க?" என்று கேட்டார்.

சாறு காரம். நம் காரம் நாக்கில் உட்காரும், இது தொண்டைக்குப் போன பிறகு யோசித்து எரிகிறது. கூடவே ரெட் ரெட் என்று காராமணியைச் செம்பனை எண்ணெயில் வேகவைத்த ஒரு கூட்டு, நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை வறுத்து அதற்குத் தொட்டுக்கொள்ளத் தருகிறார்கள். குடிக்க, புளிச்சகீரை இனத்துப் பூவில் இஞ்சி தட்டிப் போட்ட சோபோலோ. இரண்டு கண்ணாடி டம்ளர் குடித்தேன். முகம் எந்தப் பக்கமும் கோணவில்லை.

"நாலு வருசத்துல ஒவ்வொண்ணும் எப்படி ஞாபகம் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

யாவ் கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போனைத் திறந்து காட்டினார். காலண்டரில் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 'செந்தில், கறி வேண்டாம்' என்று எழுதியிருந்தது. செவ்வாய், வெள்ளி, மாலை போட்ட நாட்கள் எல்லாம் சரியாக இருந்தன. அமாவாசையை முப்பது நாளுக்கு ஒரு முறை என்று போட்டு வைத்திருந்தார், அது மாதம் அரை நாளாக நகர்ந்து நகர்ந்து இப்போது பௌர்ணமிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் திரையைத் தள்ளி ஒரு வரிசையைத் தொட்டார். எல்லா வியாழனும் பச்சை.

"இதுலேயே எனக்குப் பிடிச்சது இதுதான். என் நாள் உன் சாமிக்கும் உகந்த நாள்னு அன்னிக்கே எங்க அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். நம்ம டீம் ஆளுங்ககிட்டயும் சொல்லிட்டேன், வியாழக்கிழமை செந்திலக் கூப்பிடாதீங்க, பக்கத்துல நின்னு கறியப் பத்திப் பேசாதீங்கன்னு."

அவர்கள் என்னைக் கூப்பிடாமல் போன வியாழன்கள் எல்லாம், என்னை மதித்துக் கூப்பிடாமல் போனவை. நான் வீட்டில் உட்கார்ந்து அதற்கு அவர்களைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

சொல்லாமல் விட்டிருக்கலாம். நாளைக்கு ஊரை விட்டுப் போகிறவர், குமாசியில் ஒரு தாய் வேறு சந்தோஷமாக இருக்கிறார், யாருக்கு நஷ்டம்? ஆனால் எனக்காகப் புதன்கிழமையே தனிப் பானை சொல்லி வைத்தவர் எதிரில் உட்கார்ந்து, அதையும் சாப்பிட்டு, இதையும் மறைக்க மனசு வரவில்லை.

"வியாழன்ல விரதம் எதுவும் கிடையாது. அன்னிக்கு பொய் சொன்னேன்" என்றேன்.

யாவ் போனைக் கீழே வைத்தார். ஃபுஃபுவைக் கிள்ளி, தோய்த்து, விழுங்கினார். டீவியில் யாரோ கோல் போட்டார்கள், அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏன்?"

"எல்லார் முன்னாடியும் எனக்குப் பிடிக்காம முகம் மாறிட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு பயந்தேன்."

"எனக்கு அதுக்குக் கஷ்டமா இருந்திருக்காது" என்றார். "இதுக்கு இருக்கு."

மன்னிப்பு கேட்டேன். தண்ணீர் ஊற்ற வந்த ஆன்ட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். "வியாழக்கிழமைதான் என் ஆட்டுக்கறி லைட் சூப்" என்றார் என்னைப் பார்த்து. "மூணு வருஷம் சாப்பிடாம விட்டிருக்க. உனக்கு இந்தத் தண்டனை போதும்." யாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கச் சிரித்துவிட்டுப் போனை என் பக்கம் நகர்த்தினார்.

"நீயே எடுத்துடு."

வியாழனைத் தொட்டு அழிக்கப் போனேன். இந்த ஒரு நாளை மட்டுமா, எல்லா நாட்களையுமா என்று கேட்டது. எல்லா நாட்களையும் என்று அழுத்தினேன். "அம்மாகிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்" என்றார் யாவ். 2.15க்கு வெளியே வந்தோம். வெயிலில் காருக்குப் பக்கத்தில் நின்று இன்னும் அரை மணி பேசினோம். என்ன பேசினோம் என்று ஞாபகமில்லை, அவர் கார் திரும்பிப் போகும்போது எனக்குக் கண் கலங்கியது ஞாபகம் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: திங்கள் விடுமுறை, மற்ற நாட்களில் பதினொன்றரைக்குத் திறக்கிறார்கள். ஃபுஃபுவும் சாறும் 17 டாலர், ரெட் ரெட் 14, சோபோலோ 4. ஒரு ஃபுஃபு இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும், அதைச் சாப்பிட்டுவிட்டுக் கார் ஓட்டினால் தூக்கம் வரும். சைவக்காரர்கள் 'வெஜிடபிள் சூப்' என்ற பெயரை நம்பி ஆர்டர் பண்ணாதீர்கள், பெரும்பாலும் அதில் மீன் தூள் இருக்கும். இரண்டு நாள் முன்னால் போன் பண்ணிக் காரணத்தைச் சொன்னால் தனியாகச் செய்து தருகிறார்கள். விரத நாள் என்றாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அதை நம்மைவிட மரியாதையாக எடுத்துக்கொள்கிறார்கள். பயமாக இருந்தால் அதையும் பயம் என்றே சொல்லிவிடுங்கள். இடது கையால் எதையும் கொடுக்க வேண்டாம், நமக்கு இது புதிதல்ல. லைட் சூப் வியாழன் மட்டும்தான், ஒரு மணிக்குள் தீர்ந்துவிடுமாம். சாப்பிட்டுப் பார்த்து எழுதுகிறேன் என்று சொல்ல முடியாது, அது இனிமேல் என் சொந்த விஷயம்.

போன புதன்கிழமை யாவிடமிருந்து ஒரு காலண்டர் அழைப்பு வந்தது. தலைப்பு லஞ்ச். வியாழக்கிழமை, எனக்குப் பன்னிரண்டு மணி, நியூ ஜெர்சியில் அவருக்கு ஒரு மணி. இடம் என்ற கட்டத்தில் 'நீ ஆன்ட்டி கடை, நான் போனில்' என்று எழுதியிருந்தார். வாராவாரம், முடியும் தேதி இல்லை. ஆரம்பத் தேதியைப் பார்த்தேன். மறுநாளும் இல்லை, அடுத்த வியாழனும் இல்லை. ஏன் இத்தனை தள்ளிப் போட்டிருக்கிறார் என்று புரியாமல், சமையலறையில் கவிதா மாட்டி வைத்திருக்கும் தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன்.

புரட்டாசி முடிந்து வரும் முதல் வியாழக்கிழமை அது.