பலகையில் விட்டுப்போன பெயர்

வாஷியில் மின்விளக்குப் பலகை செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் சி மொழியில் நிரல் எழுதுகிறேன். கடை வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் எழுத்து ஓடுமே, அந்தப் பலகைதான். எங்கள் தாராவி வீட்டுச் சுவரை ஒட்டிய வீட்டில் ஒரு சித்தி. உறவு இல்லை, ஆனாலும் சித்தி. கணவர் போன பிறகு இட்லி விற்றே மகளைப் படிக்கவைத்து வேலைக்கும் அனுப்பியவர். போன வருஷம் அந்த மகளுக்குக் கல்யாணம்.

பத்திரிகையில் அழைப்பவர் இடத்தில் கணவரின் அண்ணன் பெயர். சித்தியின் பெயர் எங்குமே இல்லை. கணவரை இழந்தவள் பெயரைப் போடும் வழக்கம் இல்லையாம். சித்தி சண்டை போடவில்லை. "மண்டபத்து போர்டுலயாவது கடைசில என் பேரைப் போடுங்க" என்று மட்டும் அந்த அண்ணன் பெரியவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினார்.

வரவேற்பன்று மாலை மண்டபத்தில் நுழைந்தால், மேடைக்கு எதிரே எங்கள் கம்பெனிப் பலகை! பெருமையாக நின்று பார்த்தேன். பெரியவரின் பெயர், பட்டங்கள், முன்னாள் பதவிகள், மறைந்த தம்பியின் பெயர், மணமக்கள் பெயர், 'பெண்ணின் தாயார்'. அதோடு நின்று, மறுபடி முதலிலிருந்து ஓடியது.

சித்தியும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். "பாத்தியாட்டி, மிஷினுக்குக்கூடத் தெரியுது, யாரை விடணும்னு" என்றார்.

"மைனே தோ பூரா டாலா ஹை, மேடம்" என்று மண்டப மேனேஜர் தான் தட்டியதைக் காட்டினார். முழுசாகத்தான் போட்டாராம்; பெயரும் அதில் இருந்தது. பெரியவரின் பட்டங்களைக் கொஞ்சம் குறைத்தால் இடம் கிடைக்கும் என்றேன். சித்தி பதறிவிட்டார். "ஐயோ, வேண்டாம்! மூத்தவுக பட்டத்துல கை வச்சா நாளைக்கு எம்மவளைத்தான் சொல்லிக் காட்டுவாவ."

அப்படியானால் நிரலில்தான் கை வைக்க வேண்டும். பட்டுப்புடவையோடு செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். எனக்கு முன்பு வேலை பார்த்த மகானுபாவன் எழுதியது. வாசகத்துக்கு இத்தனை பைட் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருந்தான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் 'க'வுக்கே மூன்று, 'கி'க்குக் கொக்கியும் சேர்ந்து ஆறு. இடம் நிரம்பியதும் எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழும். அந்த அரை எழுத்தை, எல்லாம் ஒரே அளவில் இருக்கும் 'அகல எழுத்தாக' மாற்றச் சொன்னால், அந்த வேலைக்கான mbstowcs கட்டளை பிழை என்று கைவிரிக்கும். உடனே நிரல் அந்தச் சொல்லையே தூக்கிப் போட்டுவிடும்.

இத்தனைக்கும், இடம் எதுவும் கொடுக்காமல் வாசகத்தை மட்டும் காட்டினால், எத்தனை அகல எழுத்துக்கு இடம் வேண்டும் என்று அதே mbstowcs சொல்லிவிடும். பிறகு அவ்வளவும், முடிவுக் குறிக்கு ஒன்றும் ஒதுக்கினால் தீர்ந்தது. முதலில் ஒரு வார்த்தை கேட்க அவனுக்கு என்ன கேடு?

திட்டிக்கொண்டே மாற்றியதில், எந்த மொழி அமைப்பு என்று சொல்லும் வரியையும் சேர்த்து அழித்துவிட்டேன். அது இல்லாவிட்டால் தமிழில் ஓர் எழுத்துக்கூட மாறாது. புது நிரலை ஏற்றியதும் பலகை மொத்தமும் இருட்டு. "ஏ, எம்பேரையும் காணோம்!" என்று பெரியவர் மேடையிலிருந்து கத்தினார். அந்த வரியைத் திரும்பச் சேர்த்து மறுபடி ஏற்றினேன்.

பலகை ஓடியது. பட்டங்கள், பதவிகள், மணமக்கள், பெண்ணின் தாயார். அதன் பின்னால் சித்தியின் பெயர், ஓர் எழுத்துக்கூடக் குறையாமல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தியைத் தேடினேன், காணவில்லை. பந்தி பரிமாறப் போய்விட்டார்.

மேடையில் மணப்பெண் பெரியவர் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, கடைசில என்ன வருது? எனக்குத் தமிழ் படிக்க வராதுல்லா, சத்தமா படிங்க."

வீடியோக்காரர் எதிரே நின்றார், சம்பந்தி வீட்டார் பக்கத்திலேயே. தம்பி மனைவியை 'ஏளா' என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டறியாதவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். 'பெண்ணின் தாயார்' என்று தொடங்கி, பெயரையும் உரக்கப் படித்தார்.

பந்திப் பக்கமிருந்து சாம்பார் கரண்டியும் கையுமாகச் சித்தி ஓடிவந்தார். "இந்தா வந்துட்டேன், யாரு கூப்பிட்டா?"