பக்கத்து சீட்டில் என் பை

பள்ளி பஸ்ஸில் எங்கள் எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து ஏறுபவள் நான் ஒருத்திதான். ரீனா வரும்வரை என் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. கோலா தெர்லா நிறுத்தத்தில் ஏறும் அவளுக்கு அம்மா தமிழ், அப்பா வங்காளதேசத்துக்காரர்.

ஒருநாள் பின்சீட்டு அக்காமார் என் பக்கத்திலிருந்த அவளைக் காட்டி, "யாரு லா அது?" என்று கேட்டார்கள். அவர்கள் என்னோடு பேசியதே அன்றுதான்.

"பங்களா லா," என்றேன். வங்காளதேசத் தொழிலாளர்களை இங்கே இளக்காரமாக அப்படித்தான் சொல்வார்கள். எல்லாரும் சிரித்தார்கள்; நானும்.

மறுநாள் ரீனா முன்சீட்டுக்குப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல லா," என்றாள், திரும்பி வரவில்லை. அக்காமாரும் அப்புறம் பேசவில்லை.

இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால், "அவ பேரு ரீனா," என்று எழுந்து சொல்கிறேன். பக்கத்து சீட்டில் என் பைதான் இருக்கிறது. கோலா தெர்லா வந்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.