அரண்மனை வராந்தாவில் அக்கா

சுல்தான் ஆண்ட பழைய தலைநகரம், ஸ்ரீரங்கப்பட்டணம், சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று மல்லேஸ்வரத்தில் எங்கள் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் பெங்களூரில் ரயில் ஏறினோம். பச்சைப் பொய். அக்காவைப் பெண் பார்க்க மைசூரிலிருந்து ஒரு குடும்பம் 'தற்செயலாக' அங்கே வருவதாக ஏற்பாடு. வீட்டுக்கு வந்து பார்த்த ஐந்து இடத்துக்காரர்களும் அவள் நடையைப் பார்த்ததும் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பியவர்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இடது கால் சூம்பியிருந்தது. இதுவும் தட்டிப்போனால் இனி யாரையும் கூப்பிட மாட்டேன் என்று அப்பா சொல்லியிருந்தார்.

கோட்டை, பாதாளச் சிறை, சுல்தான் செத்துக் கிடந்த இடம் எல்லாவற்றையும் அக்கா ஜட்காவில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். கோடை அரண்மனையில் மட்டும் அம்மா அவளை முன்கூட்டியே இறக்கி, சுவர் நிறையப் போர்ச் சித்திரம் இருந்த வராந்தாவில் உட்கார வைத்து, புடவையை இழுத்துக் காலை மூடினாள். என்னிடம், "என்ன ஆனாலும் அவ எழுந்திருக்கக் கூடாதுடி, பாத்துக்கோ" என்றாள்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நேரே எங்கள் முன்னால் வந்து நின்றார். அக்கா எழுந்திருக்கப் போனாள். நான் அவள் தோளை அழுத்திப் பிடித்தேன்.

"விடுடி."

"சும்மா இரு. அம்மா கொன்னுடுவா."

அந்த அம்மாளின் கவனத்தைத் திருப்ப, சுவரைக் காட்டி வளவளவென்று பேசினேன். இது சுல்தான், இது அவர் அப்பா, இதோ வெடித்துச் சிதறுகிற வெடிமருந்து வண்டி! அவர் சிரித்துக்கொண்டே என் கூடவே வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவின் கால் கடைசிவரை வெளியே தெரியவில்லை. திரும்பும்போது ரயிலில் அம்மா சந்தோஷத்தில் அழுதாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. சின்னவளைக் கொடுப்பீர்களா என்று கேட்டிருந்தார்கள். அப்பா மூன்று நாள் கழித்து, சரியென்று எழுதிப் போட்டார். என்னையும் கேட்கவில்லை, அக்காவையும் கேட்கவில்லை. கல்யாணத்தன்று எனக்குத் தலை பின்னிப் பூ வைத்தவள் அவள்தான்.

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகுதான் என் கணவர் வாயைத் திறந்தார்.

"கால் விஷயம் தரகர் முன்னாடியே சொல்லிட்டார். அம்மா அதப் பெரிசா எடுத்துக்கல. பெரியவங்க வந்து நிக்கிறாங்க, ஒரு மரியாதைக்குக்கூட எழுந்திருக்கலையே, இவ்வளவு திமிரான்னுதான் வேணாம்னுட்டாங்க."

என் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

பிரசவத்துக்கு உதவியாக வந்திருந்த அக்கா கூடத்தில் என் குழந்தைக்குத் தூளி ஆட்டிக்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் போயிருந்த மாமியார் உள்ளே வந்தார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்ல எழுந்து நின்றாள்.