மேல் மணலும் அடி மணலும்

என் அண்ணைக்கு மணலில் ஒரு விசர் இருந்தது. வெங்காயமும் புகையிலையும் செய்கிற மனிதர், இடையில் சில வருடம் வீடு கட்டும் கொந்தராத்தும் எடுத்தவர். ஆற்று மணலைக் கையில் அள்ளினால் கீழே போட மனம் வராது. பருமணலுக்குள் நொய்மணல் புகுந்து, இரண்டும் சல்லிக்குள் புகுந்து, எறும்பு போகவும் வழியில்லாமல் இருந்தால்தான் அது கொங்கிறீட், மற்றதெல்லாம் களி என்பார். மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் அவருக்கும் தங்கச்சி எனக்கும் ஒரே வேலிக்குள் ஒரே வளவு. கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போயிருந்தது.

தொண்ணூறில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டதோடு வன்னியிலிருந்து ஆற்று மணல் வருவது நின்றது. சீமெந்துக்கும் தடை. அப்போது அண்ணையின் மனைவி, என் மச்சாள், ஏழு மாதம். வளவில் குண்டுக்கு ஒளிக்கப் பனங்குற்றி அடுக்கி மண்மூடிய பங்கர்க் குழி ஒன்று இருந்தது, ஆனால் தவழ்ந்துதான் உள்ளே போகலாம். விமானம் குண்டு போட வந்த ஒரு நாள் மச்சாள் உள்ளே போக முடியாமல் வாசலிலேயே நின்று அழுதாள். தடைக்கு முன் வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்த சீமெந்தை அண்ணை அன்றைக்கே வெளியே எடுத்தார். அவள் நடந்து இறங்கக்கூடியதாக, மேலே கூரையாகக் கொங்கிறீட் பிளேட் போட்டு, புதிய பங்கர் கட்டுவதென்று முடிவு.

கல்லுக்குக் குறைவில்லை. சுண்ணாம்புக்கல்லை உடைப்பித்து, அரிதட்டில் அரித்துச் சல்லி எடுத்தாயிற்று. மணல்தான் இல்லை. மணற்காட்டுப் பக்கத்து மணல் கிடைத்தது, ஆனால் அது சீனி போல ஒரே நொய். பிறகு ஒருவர் கடற்கரை ஓரத்துப் பருமணலைக் கொண்டுவந்து காட்டினார். மணிமணியாக, கையில் உறுத்தியது. அண்ணையின் முகம் மலர்ந்தது. இது கடல் மணல் என்று நான் நினைவூட்டினேன்.

கடல் மணலில் உப்பு இருக்கும், அது கொங்கிறீட்டுக்குள் இருக்கிற கம்பியைத் தின்னும். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மாரி முழுக்க வெளியில் போட்டு மழையில் கழுவ விடுவார்கள். பிறகு ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள், கரிக்காவிட்டால் எடுப்பார்கள். ஆனால் மச்சாளின் வயிறு மாரி முடியும்வரை காத்திருக்காது. கிணற்றில் இறைத்துக் கழுவ, இறைக்கிற மெசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. எங்கள் செம்மண் கலந்துவிடுமே என்று அண்ணை மணலை வெங்காயம் காயப்போடும் சீமெந்துத் தளத்தில் குவிப்பித்தார்.

அந்தக் கிழமை முழுக்க நல்ல மழை. வெளித்த பிறகு அண்ணை குவியலின் உச்சியில் கிள்ளி நாக்கில் வைத்தார். மேசனுக்குக் கொடுத்தார், எனக்கும் நீட்டினார். ஒரு கரிப்பும் இல்லை. உப்புத் திண்டவன் தண்ணி குடிக்கத்தான் வேணும் என்று பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தோம்.

பிளேட் போட்டுச் சில நாளில் தளத்தைக் கூட்டப் போனேன். மிஞ்சிய அடி மணல் இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது, ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. நாக்கில் வைத்தேன். தூ! மேலே இருந்த உப்பையெல்லாம் மழை அடிக்குக் கொண்டுபோயிருக்கிறது. கீழே மண்ணாக இருந்தால் குடித்திருக்கும், சீமெந்துத் தளம் எங்கே குடிக்கும்? அந்த அடி மணலில் பெரும்பங்கு இப்போது பிளேட்டுக்குள். ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன்.

"போட்ட பிளேட்டை இனிக் கழுவேலுமே? வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு. அவளுக்குக் கேக்கப் போகுது."

நான் சும்மா இருக்கிற ஆளில்லை. ஆனாலும் மச்சாளின் முகத்தைப் பார்த்து அந்த முறை அடங்கினேன். பிள்ளை பிறந்தது. விமானச் சத்தம் கேட்டால் பிள்ளையோடு அங்கேதான் இறங்குவாள். அடுத்த மாரியில் பிளேட்டின் அடிப்பக்கம் வெள்ளை பூத்தது. அதற்கடுத்த வருடம் கம்பி ஓடிய வழியெல்லாம் மண்ணிறக் கோடுகள். வேர்க்குது என்றார் அண்ணை. ஒரு நாள் பிள்ளையின் பாயில் கொங்கிறீட் பொருக்கு விழுந்து கிடந்தது. மச்சாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பழைய பனங்குற்றிப் பங்கருக்கே போனாள்.

இடியுங்கோ என்று நான் கத்தாத மாதம் இல்லை. சீமெந்து இல்லாத காலத்தில் கொங்கிறீட்டை இடிக்கிறவன் விசரன் என்று சொல்லி, அண்ணை அதற்குள் விறகை அடுக்கினார். அதன்பிறகு அவரும் அதற்குள் கால் வைக்கவில்லை. அதைக் கண்டபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் பிள்ளையை இறக்காத குழியை எதற்காக வைத்திருக்க வேண்டும்?

தொண்ணூற்றைந்தில் அளவெட்டிப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்தது. எங்கள் மாமரத்தடியில் ஒரு இளம் தாய், அவளுடைய வயதான தகப்பன், அவளுடைய சின்ன மகள். வந்த அன்றே பனங்குற்றிப் பங்கரைக் காட்டி, இதற்குள் மட்டும் இறங்குங்கோ, மற்றதின் பிளேட் பழுது என்றேன். அவள் கொங்கிறீட்டைப் பார்த்தாள், பனங்குற்றியைப் பார்த்தாள், ஓம் என்றாள். அந்த ஓமை நான் நம்பவில்லை.

ஒரு மத்தியானம் செல் குண்டுகள் விழத் தொடங்கின. மச்சாளும் பிள்ளையும் பனங்குற்றிக் குழிக்குள் இறங்கிவிட்டார்கள். அந்த மூவரையும் காணோம். திரும்பிப் பார்த்தால் கொங்கிறீட் பங்கரின் விறகு வெளியே எறிபட்டுக் கிடக்கிறது. ஓடினேன்.

"வெளியில வா பிள்ளை, பிளேட் விழப்போகுது!"

"நல்ல பங்கர் உங்களுக்கு, பனங்குற்றி எங்களுக்கோ, அக்கா?"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் இடத்தில் நான் என்றாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். கதைக்க நேரமில்லை. சின்னவளின் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தாய் என் முதுகில் குத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். பெரியவர் அசையவில்லை, இது பலமான பங்கர், நான் இருக்கிறன் என்றார்.

அடுத்த செல் விழுந்தது எங்கள் வளவில் அல்ல, தள்ளி, புகையிலைத் தோட்டத்தில். நிலம் ஒருமுறை உதறியது. எங்கள் பிளேட்டுக்கு அது போதுமாயிருந்தது.

சத்தம் அடங்கியதும் அண்ணையும் பக்கத்து வளவுக்காரரும் விழுந்த பிளேட்டை அலவாங்கால் நெம்பிக் கிளப்பினார்கள். பெரியவரை வெளியே எடுத்துச் சேலையால் மூடினோம். அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் அண்ணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணை உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்தார். அதிலிருந்த கம்பி தகடு தகடாக உரிந்து விழுந்தது. எல்லோரும் பார்க்க, அந்தத் துண்டை நாக்கில் வைத்தார்.

"என்ன பாக்கிறியள் அண்ணை?" என்று அவள் கேட்டாள்.

"உப்பு, பிள்ளை" என்றார்.