பாறை சொன்ன ஆமீன்

ஒரே ஒரு முறை கைதட்டிவிட்டு அசையாமல் நிற்கிறார். உதடு மட்டும் எண்ணுகிறது. "ஒண்ணு... ரெண்டு..." எதிர்மலைப் பாறையில் பட்டு அந்தக் கைதட்டல் திரும்பி வந்ததும் தலையை ஆட்டிக்கொள்கிறார். நாலு அடி தள்ளிப் போய் மறுபடி தட்டுகிறார். பள்ளிவாசல் முற்றத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மலைக்குப் புதிதாக வந்தவர்கள்தான், நாயைக் கூப்பிடுகிறார் போலிருக்கிறது என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்கள்.

மலையில் கூம்பு ஒலிபெருக்கி கட்டுகிறவர் அவர். கூம்பு பாய் என்றால்தான் ஊருக்குத் தெரியும். சொந்தப் பெயர் பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூட நோட்டில் மட்டும் இருக்கிறது. சட்டைப் பையில் இரண்டு ஸ்பேனர், இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒரு கறுப்பு டேப் சுருள். எத்தனை உயரத்தில் கம்பம் இருந்தாலும் ஏணியில் வெறுங்காலோடுதான் ஏறுவார்.

மைக்கைச் சோதிக்க எல்லோரும் 'ஹலோ' என்பார்கள். அவர் சொல்ல மாட்டார். "சட்டி, சக்கரை, சம்பந்தி" என்பார். ஏன் என்று கேட்டால், "ஹலோ எந்த ஓட்டைக் கூம்புலயும் நல்லாத்தான் கேக்கும். சக்கரைன்னு சொல்லிப் பாருங்க, கூம்போட வண்டவாளம் வெளிய வந்துடும்" என்பார். சம்பந்தி எதற்கு என்றால், "அது என் ஆசைக்கு. அவரை வேற எங்க வெச்சு நான் சத்தமா சொல்ல முடியும்?"

சத்தத்திலேயே பிழைக்கிற மனிதருக்குச் சத்தம் ஆகாது. வீட்டில் ரேடியோ முணுமுணுக்கத்தான் அனுமதி. பேசும்போது எதிரில் இருப்பவர் அவர் பக்கம் காதைச் சாய்க்க வேண்டியிருக்கும். கூம்பு கட்டச் சொல்லி வருகிறவர்களிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை பெரிதாக வேண்டும் என்பதல்ல. "யாருக்குக் கேக்கணும்?" என்பதுதான்.

இந்த மலையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதில்லை. கீழே கடைத்தெருவில் இருப்பவர்கள் கடலோரத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து நான்கு தலைமுறையாகத் தங்கிவிட்டவர்கள். மேலே சரிவில் இருப்பவர்கள் கணவாய் தாண்டி ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர்கள். வீட்டுக்குள் வேறு பாஷை. நடுவில், வளைவில், சாலை போட வந்த சமவெளி ஆட்களின் தகரக் கொட்டகை. கீழே ஒரு பள்ளிவாசல், மேலே ஒன்று. தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்லக் கொட்டகைக்காரர்களுக்கு மைக்கே கிடையாது. "எந்தப் பாங்கு முதல்ல வருதோ, அதுதான் எங்களுது" என்று சொல்லிவிட்டு அவர்கள் பாயை விரித்துவிடுவார்கள்.

தொழுகை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் இமாம் ஓதி முடித்ததும் கீழே ஆமீனை மனதுக்குள் சொல்வார்கள். மேலே வாய்விட்டுச் சொல்வார்கள். "ஆடு மேய்ச்ச தொண்டை, மெதுவா வராது" என்று கீழே கேலி செய்வார்கள். "கல்லாவில உக்காந்த தொண்டை, கூப்பிட்டாலும் பதில் வராது" என்று மேலிருந்து பதில் வரும். கூம்பு பாய் இரண்டுக்கும் சிரிப்பார். கீழே பிறந்தவர், மேலே பெண் எடுத்தவர். இரண்டு பள்ளிவாசலின் கூரையிலும் ஏற உரிமையுள்ள ஒரே ஆள்.

அந்த உரிமைக்குத்தான் போன மாதம் ஆபத்து வந்தது. மேல் பள்ளிவாசலின் செயலாளர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பையன்கள் நான்கு பெரிய கூம்புகள் வாங்கி அனுப்பியிருந்தார்கள். கூம்பு பாயிடம் சொன்னால் "இதுல பாதி போதும் மச்சான்" என்பார் என்று தெரிந்து, மச்சான் வேறு ஆளை வரவழைத்து உச்சிக் கம்பத்தில் நான்கையும் கடைத்தெருவைப் பார்த்து மாட்டிவிட்டார். முற்றத்திலும் வெளியிலும் நின்று தொழுகிறவர்களுக்காக வெள்ளிக்கிழமைத் தொழுகையையும் அதிலேயே போட்டார்கள்.

கீழ்ப் பள்ளிவாசலில் பெண்கள் தொழுவது மாடியில். இமாமைப் பார்க்க முடியாது. சுவரில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி உண்டு. அதில் வரும் குரலை வைத்துத்தான் குனிவதும் நிமிர்வதும். மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தப் பாறை. அந்த முதல் வெள்ளிக்கிழமை கீழே இமாம் இன்னும் ஓதிக்கொண்டிருக்கும்போதே, மேல் இமாமின் "அல்லாஹு அக்பர்" பாறையில் மோதி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. முதல் வரிசையில் நின்ற கூம்பு பாயின் மனைவி சட்டென்று குனிந்துவிட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர், அவரைப் பார்த்து அடுத்தவர். பாதி மாடி குனிந்திருந்தது, பாதி நின்றுகொண்டிருந்தது. கீழே கடைசி வரிசையில் நின்ற கூம்பு பாய்க்குத் தலைக்கு மேலே மரப்பலகை தப்பான நேரத்தில் முனகியது கேட்டது.

தொழுகை முடிந்ததும் மாடிப்படியில் ஒரே ரகளை. "இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு நான் ஒரு தடவை குனியறதே பெரிசு. ரெண்டு தடவை குனிய வெச்சுட்டாளே!" என்று ஒரு பெரியம்மா மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"சின்னதிலேர்ந்து கேட்ட இமாம், பெரியம்மா. அந்தக் குரல் கேட்டா என் முதுகு தானா குனியுது. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப உன் முதுகை மேலயே விட்டுட்டு வந்திருக்கணும்."

கீழே ஆண்களும் சிரித்தார்கள். "நம்ம பள்ளியில இனிமே நாம ஆமீன் சொல்ல வேண்டாம். பாறையே சொல்லிடுது" என்றார் ஒருவர். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கதை நடந்தது. சிரிப்பு போய்விட்டது. கம்பளிக் கடை வைத்திருக்கும் கீழ்ப் பள்ளிவாசல் தலைவர் ஒரு மனு எழுதினார். மேலே உள்ள கூம்புகளை அதிகாரிகள் வந்து கழற்ற வேண்டும் என்று முப்பத்தொரு கையெழுத்து. முப்பத்திரண்டாவதுக்குக் கூம்பு பாய் வீட்டுக்கு வந்தார்.

"உங்க கையெழுத்துதான் பாய் கனம். அந்தக் கூம்பு ஆகாதுன்னு நீங்களே சொன்னா ஆபீஸ்ல மறுபேச்சு இருக்காது."

போட்டால் மனைவி தாய்வீட்டு வாசலை மிதிக்க முடியாது. போடாவிட்டால் மாமியார் வீட்டுக்கு வால் பிடிக்கிறான் என்று கடைத்தெரு சொல்லும். அதன் பிறகு எந்தக் கூரையில் ஏறினாலும் கீழே ஒருவன் சந்தேகத்தோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். கூம்பு பாய் மனுவை இரண்டு முறை படித்தார். "வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் இதை உங்க பையிலயே வெச்சிருங்க. அன்னிக்கும் பாறை ஆமீன் சொன்னா முதல் கையெழுத்தா என்னுதை மேல வாங்கிக்குங்க" என்றார். பயந்த குரலில் இல்லை. கம்பி எத்தனை மீட்டர் வேண்டும் என்று சொல்கிற அதே குரலில்.

மறுநாள் காலை மனைவியோடு மேலே ஏறினார். மச்சான் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்க மாப்பிள்ளை. கையெழுத்துப் போட்டாச்சா?"

"பேனாவில மை இல்லை மச்சான்."

"ஆபீஸ் ஆள் வரட்டும், பார்த்துக்கறோம். கழட்டினா நாங்க கல்யாணம் காட்சிக்குக்கூட கீழ இறங்க மாட்டோம்."

கூம்பு பாய் மச்சானைக் கையைப் பிடித்து முற்றத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போய், வெள்ளிக்கிழமை கடைசி வரிசை நிற்கிற இடத்தில் நிறுத்தினார். இமாமை உள்ளே ஓதச் சொன்னார். நான்கு கூம்புகளும் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்து முழங்கின.

"என்ன ஓதறார்?"

மச்சான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "கலங்கலா இருக்கு."

"உங்க முற்றத்தில நிக்கறவருக்குக் கலங்கல். பள்ளத்தைத் தாண்டி என் பொண்டாட்டிக்குத் தெளிவா கேக்குது. நீங்க ஓதறது மனுஷனுக்கா, பாறைக்கா?"

மச்சானின் குரல் இறங்கியது. "கீழ காதுல விழணும்னுதான் மாப்பிள்ளை அப்படி வெச்சேன். நாங்களும் இந்த மலையில இருக்கோம்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரியணும்" என்றார் கூம்பு பாய் உடனே. "பாங்குக்கு ஒரு கூம்பு கடைத்தெருவைப் பார்த்தே இருக்கட்டும். பாறையில படாத மாதிரி நானே திருப்பி வைக்கிறேன். அஞ்சு வேளையும் கேக்கட்டும். மத்த மூணையும் இறக்கி முற்றத்தைப் பார்க்க வைக்கிறேன், தொழுகைக்கு அது. ரெண்டுக்கும் தனித்தனி சுவிட்ச்."

"அண்ணே, ஒத்துக்குங்க" என்றார் மனைவி. "உங்க இமாம் ஓதறார், கிழவிங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கறது நான்." மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏணியைத் தானே கொண்டுவந்து சாத்தினார். மூன்றைத்தான் இறக்குகிறாரா என்று கீழே நின்று எண்ணிக்கொண்டும் இருந்தார்.

வெள்ளிக்கிழமை கீழ்ப் பள்ளிவாசலில் கம்பளிக் கடைக்காரர் மனுவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் நின்றார். கூம்பு பாய் கடைசி வரிசையில். இமாம் ஓதிக்கொண்டிருந்தார். மேல் பள்ளிவாசலில் இந்நேரம் குனிந்திருப்பார்கள் என்று கூம்பு பாய்க்குக் கணக்குத் தெரியும். தலைக்கு மேலே பலகை அசையவில்லை. ஜன்னலில் காற்று மட்டும் வந்தது. இமாம் "அல்லாஹு அக்பர்" என்றார். நாற்பது பெண்களின் பாரமும் ஒன்றாக முன்னால் சாய, மாடிப் பலகை முழுவதும் ஒரே முனகலாக முனகியது.

"என்ன பாய், பாறைக்கு இன்னிக்கு லீவா?" என்று கேட்டுக்கொண்டே தலைவர் வந்தார். "மறுபடி திருப்பி வெச்சுட்டாங்கன்னா?"

"திருப்பினா உங்களுக்கு முன்னாடி என் பொண்டாட்டி முதுகுக்குத் தெரியும்."

பெண்கள் இறங்கி வந்தார்கள். கடைசியாக வந்த மனைவி படியிலேயே நின்றார். "ஏங்க, மாடியில அந்தப் பெட்டி சுவத்துல கிடுகிடுன்னு அடிச்சுக்குது. இத்தனை நாள் வெளிச் சத்தத்துல யாருக்கும் தெரியலை. இன்னிக்குக் காதைக் குடையுது."

கூம்பு பாய் மாடி ஏறினார். தலைவரும் பின்னாலேயே ஏறினார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒரு மூலை ஆணியிலிருந்து இளகிச் சுவரைவிட்டு விலகியிருந்தது. அந்த மூலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே மற்றக் கையைப் பின்னால் நீட்டினார்.

"அந்தப் பேப்பரைக் கொடுங்க."

தலைவர் பையைத் தொட்டார், யோசித்தார், எடுத்துக் கொடுத்தார். கூம்பு பாய் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. முப்பத்தொரு கையெழுத்தையும் தொடையில் வைத்து நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் செருகி, கட்டைவிரலால் கடைசிவரை அழுத்தினார்.