தோல் சீட்டும் பாதிச் சேலையும்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாளே தறியில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் ஒரு கொத்து இழையை அறுத்துவிட்டேன். அறுந்தது எனக்குத் தெரியவே இல்லை, அதுதான் கொடுமை. காய்ச்சலில் ஆரம்பித்து நரம்பில் இறங்கிய வியாதி, கால்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விரல் நுனிகளை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. என் மனைவி ஒன்றரை நாள் உட்கார்ந்து அத்தனை இழையையும் பிணைத்தாள். முடித்துவிட்டுச் சொன்னாள்: "விரல் சரியாவுற வரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்க."

தறியில் பாதி நெய்த கல்யாணச் சேலை ஒன்று நின்றது. நடுவில் உட்கார்ந்து நெய்வது நான். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரைக்கு மட்டும் ஊடு நூல் சுற்றிய நாடாக்கட்டையைத் தள்ளுவது அவள். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். வேறு ஆளை வைத்து மீதியை நெய்ய முடியாது. ஆளுக்கு ஆள் பலகையை அடிக்கிற அடி மாறும்; அடி மாறினால் துணியில் கோடு விழும். நெய்யக் கொடுத்த முதலாளி வந்து பார்த்தார். "பத்து நாள் பாக்கறேன்பா. நீ உக்காரலன்னா தறியில இருக்கற பாவு நூலை அறுத்துட வேண்டியதுதான். கல்யாண வீட்டுக்கு வேற சேலை பாக்கணும்" என்றார். 

கை சும்மா இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் படுத்துக் கிடந்த மழையில் என் பைக் சீட் நனைந்து பிய்ந்து போயிருந்தது. பஸ் ஸ்டாண்டு பின்னால் சீட் கவர் கடை வைத்திருக்கும் பாய் என் வயசுக்காரர், பழைய சிநேகிதர். தைத்துக் கொடுக்கச் சொன்னேன். அவர் ஆம்பூர்த் தோல் ஒரு சுருளையும் குத்தூசியையும் மெழுகு பூசிய நூலையும் என் மடியில் வைத்தார்.

"நான் தைக்க மாட்டேன். நீ தை. ஊசி புடிச்சா விரல் வரும்."

மனைவியிடம் சொன்னேன். "செய்ங்க. ஒழுங்கா முடிச்சா நானும் ஏறி உக்காந்து பாக்கறேன். அதுக்கப்புறம் தறியப் பத்தி பேசலாம். ஆனா தோலு தறி இருக்கற ரூமுக்குள்ள வரக் கூடாது." ஆக, துவைக்கிற கல் பக்கத்தில் தகரக் கூரைக்கடியில் என் பட்டறை.

பழைய உறையைப் பிரித்துக் காகிதத்தில் அளவு எடுத்தேன். தோலை வெட்டினேன். குத்தூசியால் ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் ஊசி விட்டு இழுக்க வேண்டும். இரண்டாம் நாள் தோல்மேல் சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. சாயம் என்று நினைத்துத் துடைத்தேன். என் ரத்தம். கட்டை விரலில் குத்தூசி இறங்கியிருக்கிறது, எனக்குச் சேதியே வரவில்லை. பயந்துபோய் விரலை வேட்டியில் சுற்றிக்கொண்டேன். மனைவியிடம் மறைத்தேன்.

அஞ்சாம் நாள் முடிந்தது. அங்குலத்துக்குப் பதினாறு தையல், மிஷின் தோற்றுவிடும். பஞ்சின்மேல் இழுத்துப் பொருத்தி, கீழே ஸ்டேப்ளர் பின் அடித்தேன். தெருவில் நாலு பேர் வந்து தடவிப் பார்த்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. மனைவியை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊரான முசரவாக்கத்துக்குக் கிளம்பினேன். ஊருக்கு முன்னால் ஒரு வேகத்தடை. ஏறி இறங்கினதும் பின்னால் டர்ரென்று சத்தம். தையல் வரிசையில் தோல் ஒரு முழத்துக்குக் கிழிந்து, பஞ்சு வெளியே தெரிந்தது. அவள் இறங்கி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

பாய் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நூல் அறுந்துச்சா பாரு. அறுந்துபோவல. பட்டு நெய்யறவன் புத்திய வெச்சிக்கினு தோலை தச்சிருக்க. இவ்ளோ நெருக்கமா ஓட்டை போட்டா தோலு எங்கபா நிக்கும்? அங்குலத்துக்கு ஆறு போதும்."

"என் கை தப்பு பண்ணலன்னு சொல்லு."

"கை தப்பு இல்ல. வீம்பு தப்பு."

மிச்சம் அஞ்சு நாள். பாய் கொடுத்த வேறு தோலில் மறுபடி ஆரம்பித்தேன். இடைவெளி விட்டுத் தைப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நெருக்கமாக இருந்தால்தான் நல்ல வேலை என்று வாழ்நாள் முழுக்கப் பழகியவன். ஒவ்வொரு தையலுக்கும் அளவுகோல் வைத்தேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. ஒன்பதாம் நாள் அதே ரோடு, அதே வேகத்தடை. வேண்டுமென்றே மூன்று முறை ஏற்றி இறக்கினேன். சீட் அசையவில்லை. "போதும், இடுப்பு போச்சு. காலைல தறியில உக்காருங்க" என்றாள் மனைவி.

பத்தாம் நாள் காலை உட்கார்ந்தேன். நாலு விரல் அகலம் நெய்தேன். ஒரு இழை அறவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கியது. அவள் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பழைய துணிக்கும் புதுத் துணிக்கும் நடுவே தெளிவாக ஒரு கோடு. பலகையை எவ்வளவு கனமாக அடிக்கிறேன் என்று என் கைக்குத் தெரியவில்லை. இரண்டு பேருமாக அந்த நாலு விரலையும் பிரித்தோம். பிரித்து முடித்ததும் அவள் சொன்னாள்: "எழுந்திரிங்க."

நடுவில் அவள் உட்கார்ந்தாள். அவள் இடத்தில் நான். மத்தியானத்துக்குள் நாலு விரல் அகலம் வந்தது. வெளிச்சத்தில் பிடித்தோம். கோடு இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

"பதினெட்டு வருஷமா பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கேன். உங்க அடி எனக்குத் தெரியாதா?"

சேலை பிழைத்தது என்று நிம்மதிதான். ஆனால் வயிறும் எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் முதலாளி வந்தார். அவள் அப்போதுதான் எழுந்து டீ போடப் போயிருந்தாள். நடு இடத்துப் பக்கமாக நான் நின்றிருந்தேன். துணியை இரண்டு விரலில் பிடித்துத் தேய்த்துப் பார்த்து, என் தோளில் தட்டினார். "நான்கூட பயந்துட்டேன்பா. உன் கை அப்படியே இருக்குது."

அவள் டம்ளரோடு வாசல்படியில் வந்து நின்றிருந்தாள். என் முகத்தையே பார்த்தாள். நான் தலையை ஆட்டி அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். அவள் அவரிடம் டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.